கல்லைப் பூக்க வைத்தவர்

மண்ணாசை, பொன்னாசை என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கல்லாசை என்று ஒன்று உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்பொழுது புதிதாக வீடு கட்டுகிறவர்களைப் பாருங்கள். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே வாசலில் லாரி வந்து நிற்கிறது. வெள்ளைக் கூழாங்கல் பத்து மூட்டை, கறுப்புக் கூழாங்கல் ஐந்து மூட்டை, வண்ணச் சரளை சில மூட்டை என்று இறக்குகிறார்கள். செடிக்கென்று விட்ட நான்கு முழ நிலத்தில் அவற்றைப் பரப்பி, நடுவே ஒரு பெரிய கல்லை நட்டு நிறுத்துகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் செடி வாடியிருக்கும். கல் மட்டும் பளபளத்துக் கொண்டிருக்கும்.

தோட்டத்தில் கல் வைப்பது எளிய காரியம் அல்ல. அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை மேல்நாட்டுக்குக் கற்றுக் கொடுத்தவர் ரெஜினால்டு பாரர் என்னும் ஆங்கிலேயர். அவர் வாழ்ந்தது நாற்பதே ஆண்டுகள். பிறந்தது இங்கிலாந்தில். பௌத்தத்தைத் தழுவியது இலங்கையில். உயிர் விட்டது, அந்நாளில் இந்தியாவோடு சேர்த்து ஆளப்பட்ட பர்மாவின் வடகோடி மலையில். இடையில் அவர் செய்தது எல்லாம் கல்லுக்கும் செடிக்கும் உறவு ஏற்படுத்தி வைத்ததுதான்.

பேச்சு வராத பிள்ளை

பாரர் 1880-ம் ஆண்டு பிப்ரவரி 17-ம் தேதி லண்டனில் பிறந்தார். பெரிய நிலச்சுவான்தார் குடும்பம். வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் சீமையில் இங்கிள்பரோ என்றொரு மலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் கிளாப்பம் என்னும் சிற்றூர். அங்கே பாரர் குடும்பத்துக்கு மாளிகையும், சுற்றிலும் பரந்த நிலமும் உண்டு.

செல்வம் இருந்தும் பிள்ளைக்கு ஒரு குறை. மேலுதடு பிளந்திருந்தது, உள்ளே அண்ணமும் பிளந்திருந்தது. இந்தக் காலத்தில் இதைக் குழந்தைப் பருவத்திலேயே தைத்துச் சரிப்படுத்தி விடுகிறார்கள். அந்தக் காலத்தில் வைத்தியம் அவ்வளவு முன்னேறவில்லை. சிறுவனுக்குப் பல முறை அறுவை சிகிச்சை நடந்தது. படுக்கையும் கட்டும் வலியுமாகவே இளமை கழிந்தது. பேச்சு பிறருக்கு விளங்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் பரிகாசத்துக்கு ஆளாக வேண்டாம் என்றோ என்னவோ, அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பாடமெல்லாம் வீட்டிலேயே நடந்தது.

விளையாட்டுத் தோழர்கள் இல்லாத பிள்ளை எங்கே போவான்? மலைக்குப் போனான். இங்கிள்பரோ மலையைச் சாதாரண மலை என்று நினைத்துவிடக் கூடாது. அதன் சரிவுகளில் சுண்ணாம்புப் பாறை, தளம் போட்டது போல ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கிறது. பனியுகத்தில் பனியாறு மேல்மண்ணை வழித்துக் கொண்டு போய்விட்டது. மிஞ்சிய பாறையை மழைநீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்து, ஆழமான பிளவுகளாகப் பிளந்து வைத்திருக்கிறது. மேலே நின்று பார்த்தால் வெறுங் கல். பிளவுக்குள் எட்டிப் பார்த்தால் பசேலென்று பெரணி, விரல் நகம் அளவுப் பூக்கள், ஈரம், நிழல். கல்லுக்குள் இருந்த அந்தச் சிறிய உலகம் பேசாத சிறுவனைப் பிடித்துக் கொண்டது. பத்து வயதுக்குள் அந்த மலையின் செடிகளையெல்லாம் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் அளவுக்குத் தேர்ந்துவிட்டான்.

கைவிடப்பட்ட கல்குழி

பதினான்காம் வயதில் அவன் ஒரு காரியம் செய்தான். வீட்டு நிலத்தில் ஒரு பழைய கல்குழி இருந்தது. கல் வெட்டி முடித்து, உதவாது என்று விட்டுவிட்ட பள்ளம். அதைத் தோட்டமாக்கப் போகிறேன் என்று புறப்பட்டான். புல்வெளியும் ரோஜாப் பாத்தியும் நிறைந்த மாளிகையில் பிறந்த பிள்ளை, முள்ளும் கல்லுமான குழியைத் தேர்ந்தெடுத்தது வீட்டாருக்கு விசித்திரமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் அந்தக் குழிதான் அவனுக்குப் பள்ளிக்கூடம். எந்தக் கல்லை எப்படிச் சாய்த்தால் நீர் உள்ளே இறங்குகிறது, எந்த இடுக்கில் வேர் பிடிக்கிறது, எந்தப் பக்கம் வெயில் சுடுகிறது, எங்கே செடி அழுகுகிறது என்பதையெல்லாம் கையால் செய்து, தோற்று, மறுபடி செய்து கற்றுக் கொண்டான். பின்னாளில் அவர் எழுதிய புத்தகங்களின் மூல பாடம் இந்தக் குழியில் படித்ததுதான்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியில் சேர்ந்து 1902-ம் ஆண்டில் பட்டம் பெற்றார். அங்கும் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. பக்கத்திலுள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பிட்டர் என்ற பாதிரியார் ஒரு பாறைத் தோட்டம் அமைத்துக் கொண்டிருந்தார். மாணவர் பாரர் அங்கே போய்க் கல் அடுக்க உதவினார். இதற்குள் உதட்டை மறைக்க அடர்ந்த மீசையும் வளர்த்துக் கொண்டார். குரல் மட்டும் சரியாகவில்லை. நாக்கு மறுத்ததைப் பேனா கொடுத்தது. எழுத உட்கார்ந்தால் அவரிடம் சொல் கொட்டியது.

கீழ்நாட்டில் கற்ற பாடம்

1903-ம் ஆண்டில் பாரர் ஜப்பானுக்குப் பிரயாணமானார். கொரியாவையும் பீகிங் நகரையும் பார்த்தார். அடுத்த ஆண்டு அந்த யாத்திரையைப் பற்றிப் புத்தகம் எழுதினார்.

ஜப்பானில் கல்லை நடத்தும் முறையே வேறு. அங்கே தோட்டம் என்றால் பூ இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கியோட்டோ நகரில் ரியோஆன்ஜி என்றொரு ஆலயம் இருக்கிறது. அதன் முற்றத்தில் வெண்சரளையைச் சீப்பால் வாரியது போல் வரிவரியாக வாரி, நடுவே பதினைந்தே பதினைந்து கற்களை வைத்திருக்கிறார்கள். சரளை கடல் போலத் தோன்றும். கல் தீவு போலத் தோன்றும். முற்றத்தின் ஓரத்தில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது கண்ணுக்கு மறைந்திருக்கும். அந்நாட்டுத் தோட்டக்காரர் கல்லை மண்ணின் மேல் வைப்பதில்லை, மண்ணுக்குள் புதைக்கிறார். பாதிக்கு மேல் பூமிக்குள் இருப்பது போல் தெரிந்தால்தான் கல் அங்கேயே பிறந்தது போலிருக்கும். அதிகக் கல் வேண்டாம், இடம் அறிந்து வைத்தால் போதும் என்ற இந்தப் பாடம் பாரருக்கு ஜப்பானில் உறுதிப்பட்டது.

பிறகு இலங்கைக்கு வந்தார். அனுராதபுரம் முதலிய பாழ்பட்ட பழைய நகரங்களைப் பார்த்தார். இலங்கையைப் பற்றிய அவருடைய புத்தகம் 1908-ல் வெளியாயிற்று. அந்தத் தீவில் கல் என்பது கோவிலும் குளமும் மட்டுமன்று. சிகிரியாவின் அடிவாரத்தில், இயற்கையாகக் கிடந்த பெரும்பாறைகளை அசைக்காமல், அவற்றைச் சுற்றியே வழியும் படியும் அமைத்த பாறைத் தோட்டம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது. இலங்கையில்தான் பாரர் புத்த மதத்தைத் தழுவினார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஆங்கிலக் கனவான் அக்காலத்தில் இப்படிச் செய்வது சிறிய விஷயம் அல்ல. கடைசி வரை அவர் அந்த முடிவிலிருந்து மாறவில்லை.

மூன்று விதப் பரிகாசம்

1907-ல் பாரர் தம் பாறைத் தோட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகம் வெளிவந்தது. அதுவரை அவர் நாவல் எழுதினார், நாடகம் எழுதினார், அவை நிற்கவில்லை. பாராளுமன்றத் தேர்தலுக்கு நின்றும் தோற்றார். தோட்டப் புத்தகம் அவரை நாடறியச் செய்தது. கிளாப்பத்தில் ஒரு நாற்றுப் பண்ணையும் வைத்து மலைச்செடிகளை விற்றார்.

அப்போது இங்கிலாந்தில் பாறைத் தோட்ட மோகம் தலைக்கேறியிருந்தது. பணக்காரர் வீடுகளில் மட்டுமின்றி, சிறு வீட்டுக்காரர்களும் கல்லைக் குவித்து அதற்குப் பாறைத் தோட்டம் என்று பெயர் வைத்தார்கள். இவற்றை மூன்றாகப் பிரித்துப் பாரர் கேலி செய்தார்.

முதலாவது, கூரிய கற்களை எல்லாம் முனை மேலாக நட்டு வைத்த மண்மேடு. அது வாதுமைப் பருப்பைச் செருகி வைத்த புட்டிங் பண்டம் போல இருக்கிறது என்றார். இரண்டாவது, அதே மேட்டில் கற்களைப் படுக்க வைத்தது. அதை நாய்க்குக் கட்டிய சமாதிக்கு ஒப்பிட்டார். மூன்றாவது, வண்டி வண்டியாகக் கல்லைக் கொண்டு வந்து கவிழ்த்தது. அது பிசாசு மடியில் கட்டிக் கொண்டு போன கல்லை வழியில் கொட்டியது போல என்றார். ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தம் தோட்டத்தைப் பார்த்து மௌனமானார்கள்.

கேலியோடு அவர் விடவில்லை. வழியும் சொன்னார். கல் ஒரே வகையாக இருக்க வேண்டும். பத்து ஊர்க் கல்லைக் கலந்தால் சந்தைக் கடைதான். பல சிறு கற்களைவிடச் சில பெரிய கற்கள் மேல். பாறையில் அடுக்கடுக்காக ரேகை ஓடுகிறதல்லவா? மலையில் அந்த ரேகை எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். தோட்டத்திலும் அப்படியே வைக்க வேண்டும். கல்லின் தலை பின்பக்கமாகச் சற்றுச் சரிந்திருந்தால் மழைநீர் வழிந்தோடாமல் வேருக்கு இறங்கும். முன்பக்கமாகச் சரிந்தால் அடியிலுள்ள செடி பட்டினிதான். கடைசியாக, தோட்டம் செடிக்காக, கல்லுக்காக அல்ல.

சரளையின் ரகசியம்

மலையுச்சிச் செடிகளை வீட்டில் வளர்ப்பது அக்காலத்தில் பெரும்பாடு. பனிப்பிரதேசத்தில் கடுங்குளிரைத் தாங்கும் செடி, பூந்தோட்டத்தின் கொழுத்த மண்ணில் நான்கு நாள் மழையில் செத்துப் போகும். குளிர் அதைக் கொல்லவில்லை. கழுத்தில் நின்ற ஈரம் கொன்றது. தண்டும் வேரும் சேருமிடம் நனைந்தே இருந்தால் அழுகல் பிடிக்கிறது.

மலையில் இச்செடிகள் எங்கே வளர்கின்றன? பனியாறு இடித்துக் கொண்டுவந்து ஒதுக்கிய கல்லும் சில்லும் கலந்த மேட்டில் வளர்கின்றன. அந்தச் சரளை மேட்டுக்கு மேல்நாட்டார் மொரெயின் என்று பெயர் சொல்வார்கள். மேலே பெய்த நீர் உடனே கீழே இறங்கிவிடும்; கழுத்து காய்ந்திருக்கும். அடியிலோ உருகிய பனிநீர் ஓடிக் கொண்டேயிருக்கும், வேர் நனைந்திருக்கும். மேலே வறட்சி, கீழே குளிர்ந்த ஈரம். இதுதான் ரகசியம்.

பாரர் இதை வீட்டுத் தோட்டத்தில் செய்து காட்டினார். பள்ளம் தோண்டி, அடியில் நீர் வடிய வழி விட்டு, மேலே கற்சில்லை நிரப்பினார். மண்ணைக் கறிக்கு உப்புப் போல் சிறிதே கலந்தார். எருவைக் கொட்டி வளர்த்தும் வராத செடிகள் அந்தக் கல்லில் பூத்தன. சரளைப் பாத்தி என்ற இந்த முறையை இங்கிலாந்து எங்கும் பரப்பியதில் பாரருக்குப் பெரும் பங்கு உண்டு.

சரளை என்றால் நடைபாதைக்குப் போடும் சாமான் என்றிருந்த எண்ணம் மாறியது. கல்லின் அடியில் மண் சீக்கிரம் காய்வதில்லை. களை முளைப்பது குறைகிறது. மழைத்துளி மண்ணை அடித்துக் கொண்டு போவதில்லை. அழகு என்பது இத்தனை வேலையையும் செய்துவிட்டு, கூலி கேளாமல் கூடவே வருவது.

தகர ஆட்டுச் சண்டை

கேலிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர் பாரர் அல்ல, அவருடைய நண்பர்.

லண்டனுக்கு மேற்கே ஹென்லி என்ற ஊரில் சர் பிராங்க் கிரிஸ்ப் என்ற பெரும் வக்கீல் இருந்தார். பிரையர் பார்க் என்ற தம் மாளிகையில் ஆயிரக்கணக்கான டன் பாறையைக் கொண்டுவந்து, ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தையே சிறிதாகக் கட்டி எழுப்பியிருந்தார். மலையாடுகள் மேய்வது போலத் தகரப் பொம்மைகளும் வைத்திருந்தார். ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள்.

பவுல்ஸ் என்பவர் பாரரின் சிநேகிதர், சாது, சிறந்த தோட்டக்காரர். அவர் 1914-ல் தம் தோட்டத்தைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டபோது பாரர் முன்னுரை எழுதினார். அந்த முன்னுரையில் பணத்தைக் கொட்டிக் கல் குவிக்கும் சீமான்களையும் தகர ஆடுகளையும் ஒரு பிடி பிடித்தார். யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் தகர ஆடு யார் வீட்டில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கிரிஸ்ப் கொதித்தெழுந்தார். முன்னுரை யார் எழுதியிருந்தால் என்ன, புத்தகம் பவுல்ஸுடையது என்று அவர் மேலேயே பாய்ந்தார். பதில் துண்டுப் பிரசுரம் அச்சடித்தார். லண்டனில் செல்சி மலர்க் கண்காட்சி நடந்தபோது, எல்லன் வில்மாட் என்ற புகழ்பெற்ற தோட்டக்காரச் சீமாட்டி வருவோர் போவோர்க்கெல்லாம் அதை விநியோகித்தார். பவுல்ஸ் கூனிக் குறுகிப் போனார். மூட்டிவிட்ட பாரரோ அந்நேரம் சீனாவின் மலையில் செடி தேடிக் கொண்டிருந்தார்!

சண்டை வேடிக்கையாக இருந்தாலும் அதற்குள் ஒரு கேள்வி இருந்தது. தோட்டத்தில் கல் எதற்கு? செடிக்கு வீடாகவா, வீட்டுக்காரரின் பெருமைக்குச் சாட்சியாகவா? பாரரின் பதில் ஊரறிந்தது.

உலகத்தின் கூரை ஓரத்தில்

1914-ல் பாரர், வில்லியம் பர்டம் என்ற அனுபவசாலியைத் துணைக்கழைத்துக் கொண்டு சீனாவின் கான்சு மாகாணத்துக்குப் போனார். திபெத்தின் எல்லை அது. கொள்ளைக் கூட்டங்கள் திரிந்த காலம். இரண்டு பருவம் மலை மலையாக அலைந்து விதை சேர்த்தார்கள். குளிர்காலத்தில் இலையற்ற கிளையில் மணம் வீசிப் பூக்கும் வைபர்னம் ஒன்றும், வானத்தைப் பெயர்த்து வைத்தது போன்ற நீலப் பூவுடைய ஜென்ஷியன் ஒன்றும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர் அனுப்பிய விதையிலிருந்து சின்னஞ்சிறு பூவுடைய ஒரு ரோஜாவைப் பொறுக்கி வளர்த்தவர் யார் தெரியுமா? அதே பவுல்ஸ். தகர ஆடு மூட்டிய சண்டை அவர்கள் சிநேகத்தை முறிக்கவில்லை.

கிளாப்பத்தில் அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. வீட்டை ஒட்டிய ஏரியின் கரையில் செங்குத்தான பாறை ஒன்று. ஏறி நட முடியாது. பாரர் கீழ்நாட்டு விதைகளைத் துப்பாக்கியில் கெட்டித்து, படகில் இருந்தபடியே பாறையை நோக்கிச் சுட்டாராம். விதை இடுக்குகளில் பதிந்து முளைத்தது என்பார்கள். நம் நீலகிரி உச்சியில் சிவப்பாகப் பூக்கிறதே ரோடோடெண்ட்ரான், அந்த இனத்துச் செடிகள் இன்றும் அந்த ஏரிக்கரையில் இருக்கின்றன.

முதல் உலக யுத்தத்தின்போது பாரர் அரசாங்கத்தின் செய்தி இலாகாவில் வேலை பார்த்தார். போர்முனைகளுக்குப் போய்ப் பார்த்து எழுதினார். யுத்தம் முடிந்தபின், 1919-ல், அவருடைய ஆயுளின் பெரும்பணி வெளிவந்தது. இரண்டு பாகம் கொண்ட ‘இங்கிலீஷ் ராக் கார்டன்’ என்ற நூல் அது. 1913-லேயே எழுதி முடித்த நூல். யுத்தத்தால் ஆறு ஆண்டு காத்துக் கிடந்தது. பாறைச் செடிகளை அகராதி போல வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் ஆளைப் பற்றிப் பேசுவது போலப் பேசியிருக்கிறார். நூறு ஆண்டு கடந்தும் தோட்டக்காரர் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

பர்மா மழை

புத்தகம் கடைக்கு வந்த ஆண்டிலேயே ஆசிரியர் கப்பலேறிவிட்டார். இம்முறை வட பர்மா. யூவான் காக்ஸ் என்ற இளைஞர் கூட வந்தார். சீன எல்லையோரத்து மலைகளில் ஒரு பருவம் திரிந்தபின் காக்ஸ் ஊர் திரும்பினார். பாரர் திரும்பவில்லை. 1920-ல் இன்னும் வடக்கே, ஆள் நடமாட்டமற்ற மலைக்குத் தனியே போனார். வேலையாட்கள் மட்டும் துணை.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பர்மா என்றால் ரங்கூனும் அரிசி ஆலையும் நினைவுக்கு வரும். பாரர் போன பர்மா வேறு. அங்கே மழை பெய்வதில்லை, மழை குடியிருக்கிறது. வாரக் கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. கூடாரம் நனைந்து, துணி நனைந்து, காயவைத்த விதையும் நனையும். அந்த மூட்டத்திலும் பாரர் பூத்த செடியின் முன் உட்கார்ந்து வர்ணம் தீட்டினார், குறிப்பு எழுதினார். அக்டோபரில் நோயில் விழுந்தார். வைத்தியர் எட்டாத தூரம். 1920 அக்டோபர் 17-ம் தேதி நியிட்டாடி என்ற மலைக் குடியிருப்பில் காலமானார். வயது நாற்பது. கொங்லு என்ற இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அந்தக் கடைசி யாத்திரையில் சேர்த்த செடிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் பிழைக்கவில்லை. மழைமலையில் பிறந்தவை அந்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஒத்துக் கொள்ளவில்லை. இடம் அறியாமல் வைத்தால் செடியும் நிற்காது, கல்லும் நிற்காது என்பதற்கு அவருடைய முடிவே கடைசிப் பாடமாக அமைந்தது.

1929-ல் ஆல்பைன் தோட்டச் சங்கம் என்ற அமைப்பு இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் கண்காட்சிகளில் சிறந்த செடிக்கு அளிக்கும் பதக்கம் பாரரின் பெயரால் வழங்குகிறது.

மலை கொடுத்த விலை

புகழ் இத்துடன் நின்றிருந்தால் கதை இனிதே முடிந்திருக்கும். ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது.

பாரருக்கு மிகவும் பிடித்தது மழையில் அரித்து, வடிவம் பெற்ற மலைச் சுண்ணாம்புக் கல். அவருக்கு அது வீட்டு வாசலில் கிடந்தது. அவருடைய புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அப்படி இல்லையே! இங்கிள்பரோ கல்தான் வேண்டும் என்று நகரத்தார் கேட்டார்கள். வியாபாரிகள் மலைமேல் ஏறினார்கள். சிறுவன் பாரர் குனிந்து பார்த்துப் பெரணி கண்ட அதே பாறைத் தளங்களைப் பெயர்த்து, வண்டியேற்றி, லாரியேற்றி விற்றார்கள். பாரர் மறைந்து ஐம்பது அறுபது ஆண்டு வரையிலும் இது நடந்தது. 1970-களில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, கைபடாமல் முழுதாக எஞ்சிய பாறைத் தளம் மிகச் சிறு பகுதியே என்று தெரிந்தது. கடைசியில் 1981-ம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தில் இந்தப் பாறைத் தளங்களைப் பாதுகாக்கத் தனியாகவே விதி செய்தார்கள்.

பெயர்த்த கல் மறுபடி முளைக்காது. பனியாறும் பல்லாயிரம் ஆண்டு மழையும் சேர்ந்து செய்த பாறை, நகரத்து வீட்டின் முன்புறத்தில் பத்தாண்டு இருந்துவிட்டு, வீடு கைமாறியதும் குப்பைக்குப் போயிற்று. மலையில் விழுந்த வடு அப்படியே இருக்கிறது. கல்லின் மேல் உண்மையான அன்பு வைத்த ஒரு மனிதரின் எழுத்தே, அவர் அறியாமல், அந்தக் கல்லுக்குக் கோடாலியாயிற்று.

பூமியை ஓரிடத்தில் பெயர்த்தால் அங்கே என்ன மிஞ்சும் என்று நெய்வேலிப் பக்கத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நிலக்கரிக்காகத் தோண்டிய பள்ளத்தின் ஆழமும், ஒதுக்கிய மண்மலையின் உயரமும் அவர்கள் கண்ணால் காண்பது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்க வாய்க்கால் வெட்டுவதற்காக, நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நிலக்கரியால் விளக்கு எரிகிறது என்றாவது சொல்லலாம். வாசலில் அழகுக்குக் கொட்டும் கல்லுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. அதுவும் ஏதோ ஓர் ஆற்றின் படுகையிலிருந்தோ, ஏதோ ஒரு குன்றின் விலாவிலிருந்தோ வந்ததுதான்.

நம் வாசலுக்கு

அப்படியானால் தோட்டத்தில் கல்லே கூடாதா? அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்டுத் தளம் போட்டு முற்றத்தை மூடுவதைவிடச் சரளை எவ்வளவோ மேல். மழைநீர் இறங்க வழி விடுகிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழியிலும் கூழாங்கல்லும் ஜல்லியும்தானே நிரப்புகிறோம்? முற்றத்தில் இரண்டு அங்குலக் கனத்துக்குச் சரளை பரப்பினால் சேறு இல்லை. மண் அரிப்பு இல்லை.

பாரர் சொன்னதை நம் வெயிலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொள்ள வேண்டும். அவர் ஊரில் பகை ஈரம். நம் ஊரில் பகை சூடு. வெள்ளைக் கூழாங்கல் வெயிலைக் கண்ணிலும் ஜன்னலிலும் திருப்பி அடிக்கும். கறுப்புக் கல் நண்பகலில் அடுப்பாகக் காயும். மரத்தின் அடித்தண்டை ஒட்டிக் கல் குவிக்கக் கூடாது. மெல்லிய இலைச் செடியைக் கல்லின் நடுவே நட்டுத் துன்புறுத்தக் கூடாது. கற்றாழையும் கள்ளியும் பிரண்டையும் கல்லோடு பிறந்த உறவினர். அவை அங்கே நிற்கும். பெரிய கல் வைப்பதானால் பாதியைப் புதைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பாரர் சொன்ன நாய்ச் சமாதிதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கல், இடித்த பழைய வீட்டின் செங்கல்லும் கருங்கல்லும், உள்ளூர்ச் செம்மண் சரளை ஆகியவையே ஒரு முற்றத்துக்குப் போதும். சண்டிகாரில் நேக் சந்த் என்ற சாலை மேற்பார்வையாளர், புது நகரம் கட்ட இடித்த கிராமங்களின் சிதைவுகளையும், ஆற்றுப் படுகையிலிருந்து சைக்கிளில் தாமே பொறுக்கி வந்த கற்களையும் கொண்டே உலகம் வியக்கும் பாறைத் தோட்டம் அமைத்தார். 1976-ல் அது மக்களுக்குத் திறந்து விடப்பட்டது. எந்த மலையையும் அவர் உடைக்கவில்லை.

பாரரும் தொடங்கியது அப்படித்தானே? அவருடைய முதல் தோட்டத்துக்குக் கல் எங்கிருந்தும் வரவில்லை. பிறர் வெட்டித் தீர்த்து, வேண்டாம் என்று விட்ட ஒரு குழியில்தான் பதினான்கு வயதுப் பிள்ளை பூவைக் கொண்டுவந்து வைத்தான். அவர் பிற்காலத்தில் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களில் எதை மறந்தாலும், அந்தக் குழியை மட்டும் மறக்காதவர்களே அவருடைய உண்மையான மாணவர்கள்.